தாழ்ந்த காரில் ஏறுவதும் இறங்குவதும்: 60 தாண்டியவர்கள் என்னிடம் கேட்பவை

நுவரெலியாவில் 34 வருடம் கராஜ் வைத்திருந்தேன். லொறி, ஜீப், தோட்டத்து டிராக்டர் எல்லாம் பார்த்திருக்கிறேன் என்றாலும், என் கை அதிகம் பழகியது துரைமார் காலத்து இங்கிலீஷ் கார்களில்தான். எம்ஜி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மினி. இப்போது கராஜ் மகன் கையில். எனக்கு 69 வயது. 1998இல் தலவாக்கலைப் பக்கம் ஒரு பங்களாக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த ஓர் எம்ஜிபியை (எம்ஜியின் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கிச் சரிசெய்து, இன்றைக்கும் ஓட்டுகிறேன்.

ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் கராஜுக்கும் வருவார்கள். 1930களில் தொடங்கிய பந்தயம் அது. அதைப் பார்த்து வளர்ந்து, பிறகு கார் வாங்கியவர்களுக்கு இன்று 60, 70 வயது. கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள்: "அண்ணே, ஏறி இறங்கத்தான் கஷ்டமா இருக்கு, என்ன செய்யுறது?" இரண்டு வருடத்துக்கு முன் என் இடது முழங்கால் தேய்ந்தபோது, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்த பிள்ளை சொல்லித் தந்ததையும், கராஜில் நான் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

"முந்தி குதிச்சு ஏறுவேன் அண்ணே. இப்ப மட்டும் ஏன் ஏலாம இருக்கு?"

உயரம்தான் காரணம். வீட்டு நாற்காலி தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருக்கும். என் எம்ஜிபியில் நான் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு அளந்தால் 13 அங்குலம். இருக்கை தாழத் தாழ முழங்காலும் இடுப்பும் கூடுதலாக மடங்கும். அந்த மடிப்பிலிருந்து உடம்பை மேலே தூக்குவது தொடையின் முன்பக்கத் தசையும் புட்டத்துத் தசையும். வயது போகப் போக இந்த இரண்டும் மெலிகின்றன. 60க்குப் பிறகு இன்னும் வேகமாக மெலிகின்றன.

இன்னொரு காரணம் பழக்கம். என் அம்மா 55 வயது வரை தேயிலைக் கொழுந்து எடுத்தவர். 75 வயதிலும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் குந்தி உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு, கையை ஊன்றாமல் எழும்புவார். நாங்கள் கொமோட், சோபா, உயரமான கட்டில் என்று மாறிவிட்டோம். ஒரு நாளில் நாங்கள் உட்காரும் இடங்களிலேயே ஆகத் தாழ்ந்தது கார் சீட்தான் என்று ஆகிவிட்டது. மற்ற எந்த வேளையிலும் செய்யாத ஒரு வேலையை அந்த ஒரு இடத்தில் மட்டும் உடம்பிடம் கேட்கிறோம். அதனால் வலித்தால் ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் வலி ஒரே பக்கம் மட்டும் இருந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, கால் மரத்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

"ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைக்கணும்?"

காலை வைக்கவே வேண்டாம். முதலில் உட்காருங்கள், கால் பிறகு வரட்டும். இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிச் சிரமம் போய்விடும். நாங்கள் எல்லாரும் இளமையில் பழகியது இடது காலை உள்ளே விட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி உடம்பை முறுக்கி உள்ளே விழுவது. அந்த முறுக்கல்தான் முழங்காலைக் கெடுக்கிறது.

காரில் ஏறுவதற்கு முன்பே சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவிடுங்கள். முதுகுச்சாய்வு சாயக்கூடியது என்றால் ஒரு படி சாய்த்து வையுங்கள். கதவை முழுதாகத் திறந்து, காருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கெண்டைக்கால் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் படும்வரை பின்னுக்கு வாருங்கள். அந்த விளிம்பை நாங்கள் சில் என்போம். டிரைவர் பக்கம் என்றால் இடது கை முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில், வலது கை சீட்டின் சாய்வில். இனி மூக்கு முழங்காலைத் தாண்டும் அளவுக்குக் குனிந்து, மெதுவாக உட்காருங்கள். கூரை இருந்தால் தலையையும் தாழ்த்துங்கள். குனியாமல் நேராக உட்காரப் பார்க்கிறவர்கள் கடைசி நாலு அங்குலத்தைச் சாக்குமூட்டை மாதிரி விழுந்துதான் முடிப்பார்கள். முதுகெலும்புக்கு அது நல்லதில்லை.

உட்கார்ந்த பிறகு புட்டத்தை நன்றாக உள்ளே நகர்த்தி, இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்புங்கள். இடது கால் முதலில் வரும், வலது கால் பின்னால் வரும். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். காலைத் தூக்க முடியாவிட்டால் கையால் தொடையின் அடியைப் பிடித்துத் தூக்கி வையுங்கள். பக்கத்து சீட்டில் ஏறுகிறவருக்கு இதே முறைதான், இடம் வலம் மட்டும் மாறும்.

"ஏறிருவேன் அண்ணே, இறங்குறதுதான் பெரிய பாடு."

எல்லாருக்கும் அப்படித்தான். ஏறும்போது உடம்பின் பாரம் கீழே போக உதவி செய்கிறது. இறங்கும்போது அதே பாரத்தை நீங்கள் தூக்க வேண்டும்.

முதலில் ஹேண்ட் பிரேக், கியர், பெல்ட். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். பலர் இதை மறந்துவிட்டு ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் காலை மாட்டிக்கொள்கிறார்கள். கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். தூரத்துக் கையால் திறக்கும்போது உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், கண்ணும் பின்னால் வரும் பஸ்ஸையோ மோட்டார் சைக்கிளையோ பார்த்துவிடும். எங்கள் வீதிகளின் அகலத்துக்கு இது அவசியம்.

இரண்டு காலையும் வெளியே கொண்டுவந்து தரையில் ஊன்றுங்கள். சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். ஒரு பாதத்தைச் சில் விளிம்புக்கு எவ்வளவு கிட்ட இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, மற்றதைச் சற்று முன்னால் வையுங்கள். இனி முன்னும் பின்னும் இரண்டு தரம் ஆடி, மூன்றாவது தரம் மூக்கைக் கால்விரலுக்கு மேலே கொண்டுபோய், கைகளால் கீழே அழுத்தி எழும்புங்கள். எதையாவது பிடித்து இழுத்து எழும்பினால் பாரம் பின்னாலேயே நிற்கும். அழுத்தி எழும்பினால் பாரம் பாதத்துக்கு வரும். என் முழங்கால் மோசமாக இருந்த மாதங்களில் இந்த ஆடுதல் ஒன்றால்தான் நான் கார் ஓட்டினேன்.

"கதவைப் பிடிச்சு எழும்பினா என்ன?"

கதவு அசையும் சாமான். அதில் பாரத்தைப் போட்டால் நீங்கள் எழும்பும் நேரத்தில் அது ஆடும். பழைய கார்களில் கதவைத் திறந்த நிலையில் நிறுத்தும் பட்டி தேய்ந்து போயிருக்கும், கீல்களும் தளர்ந்திருக்கும். திறந்த கூரைக் கார்களில் கதவுக் கண்ணாடியையும் முன்னாலிருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடிச் சட்டத்தையும் பிடிக்கவே கூடாது. ஸ்டியரிங்கில் தொங்குவதும் வேண்டாம்.

நம்பிப் பிடிக்கக்கூடியவை மூன்று: சீட்டின் சாய்வு, சில், உங்கள் சொந்தத் தொடை. முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதியைச் சமநிலைக்குத் தொட்டுக்கொள்ளலாம், தொங்க வேண்டாம்.

"நம்ம பக்கம் எங்க அண்ணே மட்டமான இடம் இருக்கு? சரிவுல நிறுத்தினா எப்படி இறங்குறது?"

மலைநாட்டுக்காரர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். வெளிநாட்டு ஆட்கள் தரும் ஆலோசனை எல்லாம் மட்டமான தரையை வைத்தே சொல்லப்படுகிறது. ஹட்டனிலும் இராகலையிலும் அப்புத்தளையிலும் அது சரிவராது.

காரின் முகம் மேட்டைப் பார்த்து நின்றால், திறந்த கதவு உங்கள் காலின் மேல் மூடப் பார்க்கும். கெண்டைக்கால் முன்னெலும்பில் அடி வாங்குவது இப்படித்தான். முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றால், கதவு கையை விட்டுப் பறித்துக்கொண்டு முழுதாகத் திறக்கும். அதைப் பிடிக்கப் போய்த் தோளை இழுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டில் எனக்குப் பின்னதே மேல். திறக்கும்போது மட்டும் கவனமாக இருந்தால், அப்புறம் கதவு உங்களைத் தொந்தரவு செய்யாது.

பக்கச் சரிவு இன்னும் முக்கியம். நீங்கள் இறங்கும் பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் உடம்பு தானாக வெளியே சாயும், எழும்புவது லேசு. இறங்கும் பக்கம் உயர்ந்திருந்தால் கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி இருக்கும். ஆகவே நிறுத்தும் முன்பே கேளுங்கள்: எந்தப் பக்கம் இறங்கப் போகிறேன், அந்தப் பக்கம் தாழ்வா உயர்வா? முடிந்தால் காரைத் திருப்பி நிறுத்துங்கள்.

இதில் ஒரு பயங்கரத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் ஒரு கடை வாசலில் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி ஒரு காலை வெளியே வைத்தேன். கேபிள் இழுபட்டிருந்ததை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். கையை ஊன்றி எழும்பிய அசைவில் கார் நகரத் தொடங்கியது. வெளியிலிருந்த கால் சில் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் இழுபட்டது. பின்னால் மண்மேடு இருந்ததால் நின்றது. அன்றிலிருந்து கியரில் போட்டு, முன் சக்கரங்களைத் திருப்பி வைக்காமல் கதவைத் திறப்பதில்லை. காரை விட்டால் உருண்டு மண்மேட்டிலோ கரையிலோ முட்டும்படி சக்கரம் திரும்பியிருக்க வேண்டும். நீண்ட நேரம் நிறுத்துவதென்றால் சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும்.

"இடப்பக்கம் கான் (வீதியோர வடிகால்). அம்மா எப்படி இறங்குவாங்க?"

இறங்கவே விடாதீர்கள். காரை ஓரங்கட்டுவதற்கு முன், வீதி அகலமாக இருக்கும் இடத்தில் அம்மாவை இறக்கிவிட்டுப் பிறகு ஓரத்துக்குப் போங்கள். கான் மேல் பலகை போட்டிருக்கிறது, கொங்கிரீட் மூடி இருக்கிறது என்று நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் அது பாசி பிடித்து வழுக்கும். ஈரப் புல்லும் அப்படித்தான். முன்னால் ஒரு பாதம் வழுக்கினால், பாதி எழுந்த உடம்புக்குத் திரும்பி உட்காரவும் முடியாது.

"விடியக்காலைல மட்டும் கால் கட்டை மாதிரி இருக்கு. பகல்ல சரியாகிருது."

நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் பனி உறைகிற நாட்களும் உண்டு. தேய்ந்த மூட்டு இரவு முழுக்க அசையாமல் கிடந்து, குளிரில் எழும்பினால் இறுகித்தான் இருக்கும். அரைமணி நேரத்துக்குள் சரியானால் சாதாரணத் தேய்மானம் என்று பெரும்பாலும் சொல்வார்கள். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நின்றால், விரல் மூட்டுகளும் வீங்கினால், அது வேறு வாதமாக இருக்கலாம், காட்ட வேண்டும்.

பழைய காருக்குச் சோக் இழுத்துச் சூடேற்றுவோம் இல்லையா, அதேபோல உங்கள் காலுக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். ஏறுவதற்கு முன் முற்றத்தில் ஒரு சுற்று நடந்து, சுவரைப் பிடித்துக் குதிகாலை 10 தரம் தூக்கி இறக்குங்கள். கம்பளிக் காலுறையும் தடித்த காற்சட்டையும் போடுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். அந்தப் புகைக்கு மணம் இருந்தாலும் ஆளைக் கொல்லும் வாயுவுக்கு மணம் கிடையாது.

"இறங்கி நின்னதும் கண் இருட்டிக்கிட்டு வருது."

நீண்ட நேரம் உட்கார்ந்தால் இரத்தம் காலில் தேங்கும். திடீரென்று எழும்பும்போது மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் இது கூடுதல். தண்ணீர் குடிக்காமல் ஓட்டினாலும் வரும். ஒன்றுக்குப் போக இடமில்லை என்று கொழும்பிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் பலர், பெண்கள் இன்னும் அதிகம்.

கால் இரண்டையும் தரையில் வைத்த பிறகு உடனே எழும்பாமல் ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். பாதத்தை மேலும் கீழும் 20 தரம் ஆட்டுங்கள். எழும்பியதும் காரைத் தொட்டபடி 20 எண்ணுங்கள், பிறகு நடங்கள். அவிசாவளை, ஹட்டன் வழியாக வருவதென்றால் கித்துல்கலையில் ஒருமுறை, கினிகத்தேனையில் ஒருமுறை இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அடிக்கடி வந்தால் படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"சாரியோட எப்படி ஏறுறது? திரும்பவே ஏலாம சிக்கிக்குது."

சாரிக்கும் சாரத்துக்கும் உட்கார்ந்து திரும்பும் முறைதான் சரி. காலை அகட்டி ஏறும் பழைய முறைக்கு உடுப்பு இடம் கொடுக்காது. உட்காரும் முன் சாரியின் பின்பக்கத்தை ஒரு கையால் முன்னுக்கு இழுத்துச் சேர்த்துப் பிடியுங்கள், முந்தானையைச் செருகுங்கள்.

துணி சீட்டில் சிக்குகிறது என்றால் ஒரு ஷொப்பிங் பேக்கை விரித்து அதன் மேல் உட்கார்ந்து திரும்புங்கள், வழுக்கிக்கொண்டு திரும்பும். திரும்பிய உடனேயே அதை எடுத்துவிட வேண்டும். வழுக்கும் பொருளின் மேல் உட்கார்ந்தபடி போனால், திடீர் பிரேக்கில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் சறுக்கும்.

"ஒன்லைன்ல சுத்துற மெத்தை, மாட்டுற கைப்பிடி எல்லாம் விக்குறாங்க. வாங்கலாமா?"

கைப்பிடி, ஆம், உங்கள் காருக்குப் பொருந்தினால். கதவு பூட்டுவதற்காகத் தூணில் இருக்கும் ப வடிவக் கொக்கியில் அதை நுழைத்து, ஊன்றி எழும்பலாம். 1989இலிருந்து வரும் மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் அந்தக் கொக்கி இருக்கும். பழைய இங்கிலீஷ் கார்களின் பூட்டு வேறு விதம், அதில் இது நிற்காது. வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்.

சுற்றும் மெத்தையைத் தாழ்ந்த காருக்கு நான் சொல்ல மாட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் சீட்டின் இரு பக்கமும் உயர்ந்திருக்கும், தட்டையான இடம் இல்லாமல் மெத்தை சுற்றாது. ஓடும்போதும் அடியில் ஆடிக்கொண்டிருக்கும். பணம் செலவழிப்பதென்றால் அடுத்த கேள்வியில் செலவழியுங்கள்.

"சீட்டை உசத்திட்டா முடிஞ்சுதே?"

பாதி முடிந்தது. பழைய எம்ஜி, டிரையம்ப் சீட்களின் மெத்தைக்கு அடியில் ரப்பர் விரிப்போ ரப்பர் பட்டிகளோ இருக்கும். 40, 50 வருடத்தில் அது செத்துப் போய்த் தொங்கும், மேலிருக்கும் ஸ்பொஞ்சும் தூளாகியிருக்கும். கார் வரும்போது இருந்த உயரம் உங்களுக்கு இப்போது கிடைக்கவில்லை. அவற்றைப் புதிதாகப் போட்டதில் என் காரில் கிட்டத்தட்ட 2 அங்குலம் திரும்பக் கிடைத்தது. முதலில் சொன்ன 13 அங்குலம் அதற்குப் பிறகு அளந்தது. அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குஷன் வேலை செய்கிறவரிடம் கடினமான ஸ்பொஞ்ச் போடச் சொல்லுங்கள். மெத்தென்று இருப்பது உட்கார்ந்ததும் அமுங்கிவிடும்.

வீட்டுத் தலையணையைச் சீட்டின் மேல் போடுவது வேண்டாம். அது நகரும், பெல்ட் வயிற்றுக்கு ஏறும், தொடை ஸ்டியரிங்கில் முட்டும்.

இனி நான் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். சீட்டை உயர்த்துவதற்குப் பதிலாகக் காரை உயர்த்தினேன். கார் நிற்கும் இடத்தில் சக்கரம் ஓடும் அகலத்துக்கு இரண்டு கொங்கிரீட் பாதைகள், 4 அங்குல உயரம், முன்னால் சின்ன ஏற்றம், முடிவில் சக்கரத்தை நிறுத்தும் வரம்பு. கார் அதன் மேல் நிற்கிறது, நான் கீழே தரையில் நிற்கிறேன். 13 அங்குலம் 17 ஆகிவிட்டது, நாற்காலியில் இருந்து எழும்புகிற மாதிரிதான். ஒரு மேசன் ஒரே நாளில் செய்து முடித்தார். ஒரு நாளின் முதல் ஏறுதலும் கடைசி இறங்குதலும் வீட்டில்தான் நடக்கின்றன, உடம்பு ஆக இறுகியிருப்பதும் ஆகக் களைத்திருப்பதும் அந்த இரண்டு வேளையில்தான். கேட்ட எல்லாருக்கும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன்.

"இடுப்பு மாத்துற ஒப்பரேஷன் செஞ்சிருக்கு. எப்ப திரும்ப ஏறலாம்?"

இதற்கு உங்கள் சத்திரசிகிச்சை டொக்டர் சொல்வதே பதில், நான் சொல்வதில்லை. ஏன் தடுக்கிறார்கள் என்பதை மட்டும் விளக்குகிறேன். புது இடுப்பை 90 பாகைக்கு மேல் மடித்தாலும், உள்நோக்கி முறுக்கினாலும், காலின் மேல் காலைப் போட்டாலும் மூட்டு கழரும் அபாயம் உண்டு. சுற்றியுள்ள தசை ஆறும் வரை, பெரும்பாலும் 6 முதல் 12 வாரம், இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். தாழ்ந்த காரில் உட்காரும்போது முழங்கால் இடுப்பை விட உயர்ந்து நிற்கும். தடுத்த அதே மடிப்புத்தான் அது. ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாலும் அதேதான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர உயரமான சீட் உள்ள வாகனத்தைப் பிடியுங்கள், சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து வையுங்கள்.

முழங்கால் மாற்றியவர்களுக்குக் கதை வேறு. சாதாரண நாற்காலியிலிருந்து எழும்பவே 90 பாகைக்குச் சற்று மேல் மடங்க வேண்டும், தாழ்ந்த சீட்டுக்கு அதைவிடக் கூட வேண்டும். எத்தனை பாகை மடங்குகிறது என்று பிசியோதெரபி செய்பவரிடம் அளந்து கேளுங்கள். வலது கால் என்றால் பிரேக், இடது கால் என்றால் பழைய கார்களின் கிளச். இரண்டும் திடீரென்று மிதிக்கத் தாங்குமா என்றும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

"தாத்தாவைக் கையப் பிடிச்சு இழுத்துத்தான் வெளிய எடுக்குறோம். சரியா?"

தயவுசெய்து நிறுத்துங்கள். வயதானவரின் தோள் அந்த இழுவையைத் தாங்காது. அக்குளில் கை போட்டுத் தூக்குவதும் அப்படியே. உங்கள் முதுகும் போகும்.

அவர் முன்னால், சற்றுப் பக்கமாக, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நில்லுங்கள். உங்கள் முன்னங்கையை நீட்டுங்கள், அவர் அதைப் பிடிக்கட்டும், நீங்கள் அவரைப் பிடிக்க வேண்டாம். மேலே சொன்ன ஆடுதலை இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். மூன்று என்று அவர் சொல்லட்டும். அவர் எழும்பும் வேகத்துக்கு நீங்கள் பின்னால் போக வேண்டும். இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டால் நல்லது. பின்னால் நிற்கும் வாகனம் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

விழுந்துவிட்டால், இடுப்பு வலிக்கிறது என்றாலோ ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ தூக்கி நிறுத்த வேண்டாம். சாக்கோ கம்பளியோ போர்த்தி 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

"வீட்டுல ஏதாவது பயிற்சி செஞ்சா சரியாகுமா?"

குறையும். நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவதுதான் பயிற்சி, வேறு ஒன்றும் வேண்டாம். முதலில் சோதித்துப் பாருங்கள்: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் காலில் பலம் குறைந்திருக்கிறது என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். அருகில் ஒரு ஆள் இருக்கட்டும்.

பிறகு தினமும் இரண்டு வேளை 8, 10 தரம், கையை ஊன்றியாவது செய்யுங்கள். கீழே போகும்போது மெதுவாகப் போங்கள், பலம் அங்கேதான் கூடுகிறது. லேசானதும் இன்னும் சற்றுத் தாழ்ந்த இருக்கைக்கு மாறுங்கள். எனக்கு மூன்றாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது, அதற்குள் விட்டுவிடாதீர்கள். முழங்கால் வீங்கினால் இரண்டு நாள் ஓய்வு.

"எங்கிட்ட ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் இல்ல அண்ணே, மாருதி 800தான். இது எனக்கும் பொருந்துமா?"

அப்படியே பொருந்தும். மாருதி 800, பழைய நிசான் சன்னி எல்லாம் தாழ்ந்த கார்தான், மெத்தை அமுங்கியிருந்தால் இன்னும் தாழ்வு. கூரை இருப்பதால் தலையைத் தாழ்த்துவதில் மட்டும் கூடுதல் கவனம். ஆட்டோ வேறு மாதிரி: தரை உயரம், கூரை தாழ்வு. அதில் கம்பியைப் பிடித்து, பலமான காலை முதலில் ஏற்ற வேண்டும். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வைக்க வேண்டும்.

"ஆளுங்க நின்னு பாக்குறாங்க. அதுக்கே காரை எடுக்க மனசு வரல."

இதைக் கேட்டவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக (தலைமை எழுத்தராக) இருந்து ரிட்டயர்டானவர். 40 வருடமாக அந்தக் காரை வைத்திருப்பவர், பந்தயச் சரிவில் ஓட்டியவர். எட்டு மாதமாகக் காரைப் போர்வை போட்டு வைத்திருந்தார். ஓட்டுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. டவுனில் இறங்கும்போது பொடியன்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

அவரிடம் சொன்னதையே சொல்கிறேன். நீங்கள் தடுமாறினால்தான் ஆட்கள் பார்ப்பார்கள். அவசரப்படும்போதுதான் தடுமாற்றம் வரும். சீட்டைத் தள்ளி, இரண்டு காலையும் ஊன்றி, ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவருக்கு அது ஓய்வாகத்தான் தெரியும். திறந்த கூரைக் கார் என்றால் கூரையைத் திறந்துவிட்டே இறங்குங்கள், தலை நிமிர்ந்து வரலாம். டவுனுக்கு நடுவில் இடம் தேடாமல், சற்றுத் தள்ளி அகலமான இடத்தில் நிறுத்தி நடங்கள். அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கிரகரி வாவிப் பக்கம் வருகிறார்.

"வித்துட்டு உசரமான வண்டி ஒண்ணு வாங்குன்னு பிள்ளைங்க சொல்றாங்க. எப்ப விடணும் அண்ணே?"

ஏறி இறங்குவதையும் ஓட்டுவதையும் பிரித்துப் பாருங்கள். ஏறி இறங்கக் கஷ்டம் என்பதற்காக மட்டும் விற்க வேண்டியதில்லை. அதற்குத்தான் இவ்வளவு வழி சொன்னேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் விற்றவர்களில் பலர் அதே காரை மறுபடி வாங்க முடியாமல் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள்.

ஆனால் ஓட்டுவதில் குறை வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். பிரேக்கை மிதிக்கக் காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதா? பாதம் மரத்து, எந்தப் பெடலில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறதா? இறம்பொடை வளைவுகளில் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் லைசன்ஸ் புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்காமல், போக்குவரத்து மருத்துவ நிறுவகத்திலோ உங்கள் டொக்டரிடமோ காட்டுங்கள்.

தனியாக ஓடும்போது கார் கானுக்குள் இறங்கினால், தீப் பிடித்தால், யாரும் உதவாமல் நீங்களாக வெளியே வர வேண்டும். இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு முற்றத்தில் சோதித்துப் பாருங்கள். கொங்கிரீட் பாதையிலிருந்து காரை இறக்கி, மட்டத் தரையில், பெல்ட் போட்டபடி, பக்கத்து சீட் வழியாகவும் ஒருமுறை. கியர்த் தடியைத் தாண்டுவது சுலபமில்லை, நேரம் எடுக்கும். நான் சித்திரைக்கு முன் ஒரு தரமும் தீபாவளிக்கு முன் ஒரு தரமும் செய்கிறேன், மகன் பக்கத்தில் நிற்பான். போன தீபாவளிக்கு முன் வலப்பக்கம் சரியாக வந்தது. இடப்பக்கம் வர அவன் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் இந்தச் சித்திரை வரை தனியாக டவுனைத் தாண்டி ஓட்டுவதில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.